அப்டேட்டுக்கு நாள் பார்ப்பது

2019 அக்டோபர் 7 நவமி. தெற்கே ஆயுத பூஜை, மகாராஷ்டிரத்தில் கண்டே நவமி. தொழில் செய்யும் கருவிக்குப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை சாத்தி, ஒரு நாள் ஓய்வு கொடுக்கும் வழக்கத்தில் லேத் மெஷினுக்கும் ஆட்டோரிக்ஷாவுக்கும் உள்ள உரிமை ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கும் உண்டு. அன்றுதான் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கான 'கேடலினா' என்ற புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. இலவசம்தான். மறுநாள் விஜயதசமியன்று மாலையை ஒதுக்கிவிட்டு மெஷினைப் போட்டவர்களின் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி காத்திருந்தது: புதிய பதிப்பு வந்துவிட்டது, இப்போதே ஏற்றலாமா?

விஜயதசமியில் தொடங்கும் காரியம் ஜெயிக்கும் என்பார்கள். இந்தக் காரியம் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. பழைய 32 பிட் புரோகிராம் எதையும் கேடலினா இயக்காது. இசைக்காரர்கள் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த பழைய பிளக்-இன்கள், அவற்றை நிறுவித் தரும் புரோகிராம்கள், சில ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் கன்ட்ரோல் பேனல்கள் எல்லாம் ஒரே இரவில் சாம்பல் நிற ஐகான்களாக மாறின. சாஃப்ட்வேர் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு, 'நாங்கள் சொல்லும்வரை ஏற்றாதீர்கள்' என்று எழுதிக் கொண்டிருந்தன. எழுத்தைப் படிப்பதற்கு முன் பொத்தானை அமுக்கிவிடுவது மனித இயல்பு.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கேடலினாவுக்கு அடுத்து வந்த 'பிக் சர்' 2020 நவம்பர் 12. அந்த வருட தீபாவளி நவம்பர் 14. 'சொனோமா' 2023 செப்டம்பர் 26. மும்பையில் பிள்ளையார் இன்னும் பந்தலில் இருந்தார், இரண்டு நாள் கழித்துத்தான் கடலுக்குப் போனார். 'செக்கோயா' 2024 செப்டம்பர் 16, மறுநாள் விசர்ஜனம். 'டஹோ' 2025 செப்டம்பர் 15. ஒரு வாரத்தில் நவராத்திரி. போட்டிக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட்டும் சளைத்ததல்ல. விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான பாதுகாப்பு கிடையாது என்று அது கை கழுவிய நாள் 2025 அக்டோபர் 14. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது.

சதி எதுவும் இல்லை. அமெரிக்காவில் கம்பெனிகள் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை மனதில் வைத்து செப்டம்பர், அக்டோபரில் புதுச் சரக்கை இறக்குகின்றன. ஆனால் இந்தியாவில் பாட்டுப் போட்டுப் பிழைப்பவர்களுக்கு வருடத்தின் நெருக்கடியான மூன்று மாதங்கள் அவைதான். மும்பையில் கணபதி ஆரத்தி ஆல்பம், அகமதாபாத்தில் ஒன்பது இரவு கர்பா, கொல்கத்தாவில் பூஜைப் பாட்டு, பாட்னாவில் சட் பூஜைக்கான போஜ்புரிப் பாடல்கள், நாடெங்கும் தீபாவளி விளம்பர ஜிங்கிள். தை மாதத்தில் வந்து கேட்டால் நிதானமாக யோசிக்கக் கூடிய ஒரு கேள்வியை, தலைக்கு மேல் வேலை இருக்கும்போது வந்து கேட்கிறது கம்ப்யூட்டர்.

ஒருவரை எடுத்துக் கொள்ளலாம். ஓஷிவாராவிலும் அவரைக் காணலாம், கோரேகாவ்னிலும் காணலாம். ஃப்ளாட்டின் ஒரு அறைக்குப் பஞ்சும் துணியும் அடித்து ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கிறார். தினசரி இந்தி சீரியல் ஒன்றுக்குப் பின்னணி இசை அவர் பொறுப்பு. எடிட் செய்த எபிசோடு சாயந்திரம் வரும். இசை சேர்த்து விடிவதற்குள் போய்விட வேண்டும். நானூறு எபிசோடு தாண்டியாகிவிட்டது. மாமியார் நுழைந்தால் ஒரு ஷெனாய், மருமகள் அழுதால் ஒரு சாரங்கி, ரகசியம் உடைந்தால் மூன்று முறை இடி. எல்லாம் ஒரே டெம்பிளேட் ஃபைலில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் 2020-ல் வந்த 27 அங்குல ஐமேக். அதனோடு இரண்டு அடாப்டர்கள் வழியாக இணைந்திருப்பது பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஃபயர்வயர் ஆடியோ இன்டர்ஃபேஸ். தங்கமான பெட்டி. இன்றைக்கும் சத்தத்தில் குறை சொல்ல முடியாது.

அவர் திரையில் டஹோ கூப்பிடுகிறது. போகலாமா?

வீட்டில் கடிதம் அடிக்கும், கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டராக இருந்தால் இது கேள்வியே அல்ல. ஏற்றிக் கொள்ள வேண்டியதுதான். ஸ்டூடியோ கம்ப்யூட்டர் வேறு ஜாதி. அதற்குக் காரணம் நேரம். டைப் செய்த எழுத்து கால் விநாடி தாமதமாகத் திரையில் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒலியில் அந்தச் சலுகை இல்லை. சினிமா, டிவி வேலைகள் நடப்பது விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில். கம்ப்யூட்டர் இவற்றை 256 சாம்பிள் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது என்றால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஐந்தேகால் மில்லி விநாடி சொச்சம். அதற்குள் எழுபது எண்பது டிராக்கையும், அவற்றின் மேல் ஏற்றிய எதிரொலி, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். ஒரே ஒரு பொட்டலம் தவறினாலும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று சத்தம் வரும். கேட்பவர் காதில் அது தைக்கும்.

பொட்டலத்தைப் பெரிதாக்கினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் அந்தப் பக்கம் தபலாக்காரர் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறாரே. அவர் அடித்த அடி அவர் காதுக்கே பத்து மில்லி விநாடி தாமதமாக வந்தால், மூன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவர் அடிப்பதைப் போல. இருபது ஆனால் ஏழு மீட்டர். தீன்தாலில் பதினாறு மாத்திரையையும் கண்ணை மூடிக் கொண்டு சரியாகப் பிடிக்கும் கலைஞர், 'லயம் எங்கோ இழுக்கிறது' என்று நிறுத்திவிடுவார். தவறு அவர் கையில் இல்லை.

அந்த ஐந்து மில்லி விநாடிக்குள் யார் யார் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று பார்த்தால்தான் விவகாரத்தின் கனம் புரியும். அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் மேல் இன்டர்ஃபேஸின் டிரைவர். அதன் மேல் லாஜிக், க்யூபேஸ், நியூவெண்டோ, புரோ டூல்ஸ் என்று ஏதோ ஒரு ரிகார்டிங் சாஃப்ட்வேர். அதற்குள் பத்துப் பதினைந்து கம்பெனிகளின் பிளக்-இன்கள். இந்தப் பிளக்-இன்களைத் திறக்கும் சாவி, கம்ப்யூட்டரின் பின்னால் குத்தி வைத்த ஒரு யுஎஸ்பி டாங்கிளில். அந்தச் சாவியைச் சரிபார்க்க இன்னொரு சாஃப்ட்வேர். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கம்பெனி, தனித்தனி நாடு. ஒருவர் செய்த மாற்றம் அடுத்தவருக்குத் தெரிய மாதங்கள் ஆகலாம். அடித்தளத்தை மாற்றினால் மேலே இருக்கும் எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் பின்தங்கினாலும் இரவு எபிசோடு போகாது.

ஓஷிவாரா நண்பர் விஷயத்தில் பின்தங்குவது யார் என்பது முன்பே தெரிந்த சங்கதி. டஹோவில் ஃபயர்வயர் கிடையாது. ஒரு காலத்தில் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்று ஆப்பிளே கொண்டாடிய இணைப்பு அது. 2012-க்குப் பிறகு அறிமுகமான எந்த மேக்கிலும் அதற்கான துளை இல்லை. அடாப்டர் போட்டு இத்தனை வருடம் ஓடியது. 2025-ல் சாஃப்ட்வேரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆகவே அவர் 'சரி' என்று அமுக்கினால் தங்கமான பெட்டி அலமாரியில் உட்கார்ந்துவிடும். புது இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும். இலவச அப்டேட்டின் முதல் பில் அது.

இரண்டாவது பில் பிளக்-இன்களுக்கு. பழைய பதிப்பு புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடாது. புதுப் பதிப்புக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும் என்பது பல கம்பெனிகளின் ஏற்பாடு. ஒருமுறை வாங்கிவிட்டால் நம்முடையது என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி பிளக்-இன்களை விற்பதில்லை, சந்தாவுக்கு மட்டுமே தருவோம் என்று அறிவித்தது. உலகெங்கும் எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பின்வாங்கியதைவிட, அப்படி ஒரு யோசனை வந்ததைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது சிக்கல் பில்லில் வராது. அது கூட வேலை செய்பவர்கள். இந்திய ஸ்டூடியோத் தொழிலில் ஒரு பாட்டு ஒரே கூரைக்குக் கீழ் பிறப்பதில்லை. அரேஞ்சர் ஓரிடம், பாடகர் டப் செய்வது வேறிடம், மிக்ஸிங் இன்னொரு பேட்டை. புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தால் ரிகார்டிங் சாஃப்ட்வேரையும் புதுப்பிக்க வேண்டி வரும். புதியதில் சேமித்த செஷன் பழையதில் பெரும்பாலும் திறக்காது. தான் மட்டும் முன்னேறிய அரேஞ்சரின் ஃபைலை, முன்னேறாத மிக்ஸிங் என்ஜினியர் திறக்க முடியாமல் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்வார். ஊரோடு ஒத்து வாழ் என்பது இங்கே நீதி வாக்கியம் அல்ல, தொழில்நுட்பத் தேவை.

வெளிப்படையாகப் பேசாத நான்காவது காரணமும் ஒன்று உண்டு. மும்பையின் லாமிங்டன் ரோடு, டெல்லியின் நேரு பிளேஸ், கொல்கத்தாவின் சாந்தினி சௌக் என்று எங்கே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரானாலும் சரி, அதில் 'கிராக்' செய்த சாஃப்ட்வேர் ஏறியிருப்பது ஊரறிந்த ரகசியம். திருடிய சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பூட்டு மாறினால் போச்சு. அதனால் அப்டேட் வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று, உண்மைக் காரணம் வேறு. ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனிக்குப் போன் செய்து உதவி கேட்கவும் முடியாது. காசு கொடுத்து வாங்கியவருக்குக் குறைந்தபட்சம் சண்டை போடும் உரிமையாவது இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் 'ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும், அப்படியே இருக்கட்டும்' என்று தோன்றும். ஸ்டூடியோக்களில் இது கிட்டத்தட்ட மதம். பத்து வருடமாக ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றாதவர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். கொஞ்ச தூரம் வரை அது நியாயம். அதற்குப் பிறகு அது பொறி.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகைச் சுற்றியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் சில அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக் கொள்ளாதவர்கள்தான் பலி. நானூறு எபிசோடின் இசை ஒரே டிஸ்க்கில் இருக்கும்போது அதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இன்டர்நெட்டே இல்லாமல் வைத்திருந்தால்? பழைய நல்ல யோசனை. பெரிய ஸ்டூடியோக்கள் நெடுநாள் அப்படித்தான் செய்தன. வேலை மெஷின் தனி, மெயில் மெஷின் தனி. 2020 நவம்பர் 12-ஆம் தேதி இந்த வைராக்கியத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது. பிக் சர் வெளியான அன்று ஆப்பிளின் சர்வர்கள் திணறின. புரோகிராம் ஒன்றைத் திறக்கும்போது அதன் சான்றிதழைச் சரிபார்க்கும் சர்வரும் அவற்றில் ஒன்று. விளைவு, அப்டேட் பக்கமே போகாதவர்களின் மேக்குகளில்கூட புரோகிராம்கள் திறக்காமல் இழுத்தன. நெட் இணைப்பைப் பிடுங்கியவர்களுக்கு எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் இப்போது டாங்கிள்கள் குறைந்து, உரிமங்கள் நெட் வழியாகவே வருகின்றன. அவ்வப்போது வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பிளக்-இன் கோபித்துக் கொள்ளும். துறவறம் கடினமாகிவிட்டது.

டாங்கிளை நம்பியவர்களுக்கும் நிம்மதி இல்லை. க்யூபேஸ், நியூவெண்டோ தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் நிறுவனம், பல வருடங்கள் உபயோகத்தில் இருந்த தன் ஈ-லைசென்ஸர் சேவையை 2025 மே மாதம் மூடியது. ஏற்கெனவே யுஎஸ்பி சாவியில் இருக்கும் உரிமம், சாவி உயிரோடு இருக்கும்வரை வேலை செய்யும். சாவி உடைந்தால் அந்தப் பழைய பதிப்பை மறுபடி உயிர்ப்பிக்க ஆள் இல்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு டேப் ஒட்டி, கம்ப்யூட்டரை நகர்த்தும் பையனிடம் 'பார்த்து, பார்த்து' என்று கத்துவதன் காரணம் இதுதான்.

இன்னொன்று. 'மாற்ற மாட்டேன்' என்ற முடிவு, கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்வரைதான் அவர் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் போர்டு எரிந்தால், கடையில் கிடைப்பது புது மேக். ஒரு மேக் எந்தப் பதிப்போடு கடைக்கு வந்ததோ, அதற்கு முந்தைய பதிப்பை அதில் ஏற்ற முடியாது. ஆக, ஐந்து வருடம் தள்ளிப்போட்ட ஐந்து அப்டேட்டுகளும் ஒரே மாலையில், எபிசோடு காத்திருக்கும்போது, வட்டியோடு வந்து நிற்கும். விண்டோஸ்காரர்களுக்கு வேறு விதம். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள மெஷின்களை விண்டோஸ் 11 பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். லாமிங்டன் ரோட்டில் 2016-ல் ஆசையாகக் கட்டிய ஐ-7 இன்னும் குதிரை மாதிரி ஓடுகிறது. கதவு திறக்காது. ஓராண்டு நீட்டிப்பு என்று 2026 அக்டோபர் வரை மைக்ரோசாஃப்ட் தவணை கொடுத்தது.

இந்தத் தொழிலில் கம்பெனி முடிவெடுத்துவிட்டால் வாடிக்கையாளரின் முடிவுக்கு இடமில்லை என்பதற்கு 2002 நல்ல உதாரணம். லாஜிக் சாஃப்ட்வேரை உருவாக்கிய ஜெர்மனியின் இமாஜிக் நிறுவனத்தை அந்த ஜூலையில் ஆப்பிள் வாங்கியது. செப்டம்பர் 30-உடன் விண்டோஸ் பதிப்பு நின்றது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும், அல்லது கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும். அதே வருடம் மே மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து, பழைய மேக் ஓஎஸ் 9-க்கு இரங்கல் கூட்டமே நடத்தினார். சபையில் சிரிப்பு. மேக் ஓஎஸ் 9-ல் பாதி ஆல்பம் முடித்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அடுத்த சவப்பெட்டிக்கு அளவெடுத்தாகிவிட்டது. இன்டெல் சிப் மேக்குகளுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் சொல்லிவிட்டது. இன்டெல்லுக்காக எழுதிய பிளக்-இன்களைப் புது மேக்குகளில் ஓட வைக்கும் 'ரோசட்டா 2' என்ற மொழிபெயர்ப்பாளருக்கும் அடுத்த பதிப்புவரைதான் முழு வேலை. அதற்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும். ஓஷிவாரா நண்பரின் ஐமேக் டஹோவுக்குப் போனாலும் அதோடு பாதை முடிகிறது. ஒரே ஒரு படி ஏறுவதற்காக நல்ல இன்டர்ஃபேஸைப் பலி கொடுப்பதா என்பதுதான் அவர் முன் உள்ள உண்மையான கணக்கு. இரண்டு வருடத்தில் மெஷினையே மாற்றப் போகிறவர் இப்போது ஏறாமலிருப்பது சோம்பேறித்தனம் ஆகாது. நடப்புப் பதிப்புக்கு முந்தைய இரண்டுக்கும் ஆப்பிள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது வழக்கம். செக்கோயாவில் இருப்பவர் மொட்டை வெயிலில் நிற்கவில்லை.

ஏறத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நாள் பார்க்கத் தெரிய வேண்டும். வடக்கே டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 14 வரை கர்மாஸ். நம் மார்கழிதான். சென்னையில் சபாக்கள் நிரம்பி வழியும் அதே மாதம் வடக்கே கல்யாணம் கிடையாது, கிருகப்பிரவேசம் கிடையாது, புதுக் காரியம் எதுவும் கிடையாது. கல்யாண சீசனும் தீபாவளியும் முடிந்து ஸ்டூடியோக்கள் கொஞ்சம் காலாற உட்காரும் நேரம். செப்டம்பரில் வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதற்குள் ஒன்றிரண்டு திருத்தப் பதிப்புகள் வந்திருக்கும். பிளக்-இன் கம்பெனிகளும் தூக்கம் கலைந்து எழுந்திருக்கும். சாஸ்திரப்படி அசுபமான மாதம், அப்டேட்டுக்கு உத்தமமான மாதம்.

அப்போதும் நேராக வேலை டிஸ்க்கில் கை வைப்பது புத்திசாலித்தனமல்ல. மேக்கில் அதே டிஸ்க்கில் தனியாக ஒரு வால்யூம் உண்டாக்கி, புதிய சிஸ்டத்தை அதில் மட்டும் ஏற்றலாம். பழையது பக்கத்திலேயே அப்படியே இருக்கும். எது வேண்டுமோ அதில் கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். விண்டோஸில் இன்னும் எளிது. பழைய எஸ்எஸ்டியின் நகல் ஒன்றை எடுத்து, நகலில் சோதனை செய்துவிட்டு, மூலத்தை டப்பாவில் போட்டு வைக்கலாம். விண்டோஸில் திரும்பிப் போக பத்து நாள் அவகாசம் உண்டு என்று அதை நம்பியிருப்பவர்கள், பதினோராம் நாள்தான் கோளாறு தெரிய வரும் என்பதை அனுபவத்தில் கற்கிறார்கள். ஏற்றிய முதல் நாள் எதையும் முடிவு செய்யவும் கூடாது. ஃபைல்களைத் தேடுவதற்கான அட்டவணையைப் புது சிஸ்டம் பின்னணியில் தயாரித்துக் கொண்டிருக்கும், மெஷின் இரைக்கும். ஒருநாள் ஓடவிட்டு, பிறகு உண்மையான எபிசோடு ஒன்றைத் திறந்து, தபலாக்காரரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் ரிகார்ட் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். புது பாட்டு ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. பழையது திறக்கிறதா என்பதுதான் சோதனை.

பழையது திறப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1960-களில் கால் அங்குல டேப்பில் பதிவான பாட்டை, டேப் கெடாமலிருந்து ஒரு மெஷினும் கிடைத்தால், இன்றைக்கும் ஓட்டிக் கேட்டுவிடலாம். 2010-ல் செய்த கம்ப்யூட்டர் செஷனைத் திறந்தால், 'பதினேழு பிளக்-இன்களைக் காணவில்லை' என்று பட்டியல் வருகிறது. ஷெனாய் இருந்த இடம் காலி. அது எந்த சாம்பிள், எந்த எதிரொலி என்று செய்தவருக்கே நினைவில்லை. சேனல்காரர்களோ ஐந்து வருடம் கழித்து, 'அந்த டைட்டில் பாட்டை வேறு மொழிக்கு வேண்டும், குரலை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்' என்று வந்து நிற்கிறார்கள். கொடுக்க முடிந்தால் பணம். முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அப்டேட் போடுவதா வேண்டாமா என்று மாதக் கணக்கில் விவாதிப்பவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடும் வேலை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு டிராக்கையும், பிளக்-இன் பூசிய பிறகு உள்ள சத்தத்தோடு, பாட்டின் முதல் விநாடியிலிருந்து கடைசிவரை தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்து வைப்பது. ஸ்டெம் எடுப்பது என்பார்கள். வேவ் ஃபைல் 1991-ல் மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் சேர்ந்து உண்டாக்கியது. மிடி அதற்கும் முந்தியது, 1983. இத்தனை சவப்பெட்டிகளைத் தாண்டி இரண்டும் இன்று எந்த கம்ப்யூட்டரிலும், எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கின்றன. எல்லா ஃபைலையும் ஒரே கோட்டில் அடுக்கினால் பாட்டு வந்துவிடும். எந்த டாங்கிளும் வேண்டாம். இதைச் செய்துவிட்டவருக்கு அப்டேட் என்பது பெரும்பாலும் பணமும் நேரமும் சம்பந்தப்பட்ட தொந்தரவு. செய்யாதவருக்கு அது சூதாட்டம்.

சலிப்பூட்டும் வேலைதான். நாற்பது டிராக் உள்ள ஒரு பாட்டுக்கு, பெயர் வைத்து, ஒழுங்குபடுத்தி, ஒருமுறை ஓட்டிக் கேட்டுச் சரிபார்க்க அரை நாள் ஓடிவிடும். அதற்கு யாரும் காசு தருவதில்லை. அசிஸ்டென்ட் பையனிடம் ஒப்படைத்தால் 'ஆடியோ 1, ஆடியோ 2' என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவான். பின்னால் எது சாரங்கி எது இடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓஷிவாரா நண்பர் இப்போதைக்கு அமுக்கவில்லை. தீபாவளி ஸ்பெஷல் எபிசோடு, அதற்குப் பின் கதாநாயகியின் இரண்டாவது கல்யாணம் என்று வேலை வரிசையில் நிற்கிறது. டிசம்பரில் தனி வால்யூமில் ஏற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இன்டர்ஃபேஸ் தெரியாது என்பது தெரியும், மற்றவை என்ன ஆகின்றன என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமைகளில் சீரியல் கிடையாது. அன்று காலை ஸ்டெம் எடுக்கிறார். மாமியார் ஷெனாய் முடிந்துவிட்டது. சாரங்கி பாதியில் நிற்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல். ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று தாணேயில் மைத்துனர் வீட்டில். திரையின் கீழே செட்டிங்ஸ் ஐகானின் மேல் சிவப்பு வட்டத்துக்குள் '1' என்ற எண் மூன்று மாதமாக எரிந்து கொண்டிருக்கிறது. அதன் மேல் பார்வை படாமலிருக்க ஒரு சின்ன மஞ்சள் காகிதத்தை ஒட்டி, அதில் அன்றைய எபிசோடு எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.